இருக்கு என்று சொன்னவள்

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பெரியவள் என்றும் இளையவளுக்குச் சின்னவள் என்றும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெரியவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினாள். எல்லாமே நம்பும்படியாக இருந்தன. பல வருஷம் டைப் அடிக்கும் கடையில் உட்கார்ந்து முதுகு வளைந்தபின், மாலை வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டர் படித்து, ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைக்குப் போனாள். ரப்பர் வாடை படிக்கட்டு வழியாக ஏறிவந்து அவள் புடவையில் தங்கிவிடும். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதைச் சின்னவள் மூக்கால் தெரிந்துகொள்வாள்.

வீட்டில் அவள் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அதட்டி வாங்கிய மரியாதை இல்லை அது. பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். உப்பு இருக்கிறதா என்று தங்கை கேட்டால், எழுந்துபோய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் "இருக்கு" என்பாள். "இருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவளிடம் இல்லை.

சின்னவளின் கணவனை எல்லாரும் டிரைவர் என்றே சொன்னார்கள். முன்பு லாரி ஓட்டினான். அந்த நாட்களில் குடியும் இருந்தது. ஒருமுறை பட்டப்பகலில் வாசலில் விழுந்து கிடந்தவனைப் பெரியவளும் சின்னவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார்கள். மறுநாள் எழுந்து, தரையைப் பார்த்தபடியே, "இனிமே இல்ல" என்றான். அதன்பிறகு தொடவில்லை. லாரியை விட்டுவிட்டு, நகரத்தின் ஓரத்தில் இருந்த குளிர்பதனக் கிடங்கில் சரக்குப் பலகைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். உறைந்த மீனும் இறைச்சியும் பெட்டி பெட்டியாக அடுக்கிய அறைகள். சேர்ந்த முதல் வாரமே சிரித்துக்கொண்டே வந்து சொன்னான்: "அக்கா, நீங்க வேலை பாக்குற கம்பெனியோட ஸ்கிரீன்தான் அங்க சுவத்துல தொங்குது. நான் எந்த ரூமுக்குள்ள போறேன்னு உங்களுக்கும் தெரியுமோ?"

"தெரியாது. ரூம் நல்லா இருக்கான்னு மட்டும்தான் தெரியும்" என்றாள் பெரியவள்.

அதுதான் அந்தக் கம்பெனியின் வேலை. ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு குளிர், கதவு திறந்திருக்கிறதா, உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்துவதற்கு அலாரம் பட்டன் இருக்கிறதா என்று ஒரு திரையில் காட்டும். பட்டன் இல்லாத அறை சிவப்பாகத் தெரியும். அந்த அறைக்குள் ஆளை அனுப்பக் கூடாது. இருந்தால் பச்சை. எல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பெரும்பகுதியைக் கம்பெனி முதலாளியே ஆரம்ப நாட்களில் எழுதியிருந்தார். நல்ல மனுஷர். வேலை செய்யும் பெண்களுக்கு மழை வந்தால் தன் காரைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு போவார்.

கிடங்கில் ஆறு அறைகள் இருந்தன. பின்பக்கம் ஏழாவதாக ஒன்று புதிதாகக் கட்டினார்கள். ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், கடைசியாக ஒரு பலகையை அந்த அறையில் வைத்துவிட்டு வரச் சொன்னார் மேனேஜர். டிரைவர் திரையைப் பார்த்தான். ஏழாவது அறை பச்சையாக இருந்தது. வண்டியை உள்ளே ஓட்டிப்போனான். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்பக்கத்துத் தாழ் பனியில் இறுகிப்போய் அசையவில்லை.

மற்ற அறைகளில் கதவுக்கு வலதுபக்கம் பட்டன் இருக்கும். வலதுபக்கம் தடவினான். இடதுபக்கம் தடவினான். சுவர் முழுக்கக் கையால் துழாவினான். இரும்புச் சுவருக்குள் செல்போன் செத்துக் கிடந்தது. வண்டியை ஓட்டி, முன்னால் நீட்டியிருந்த இரும்புக் கொம்புகளால் கதவை இடித்தான். பேட்டரி குளிரில் தளர்ந்து வண்டி நிற்கும்வரை இடித்தான். பிறகு கையால் இடித்தான். வெளியே யாரும் இல்லை. சாயங்காலம் சரக்கு ஏற்ற வந்த வெளியூர் லாரிக்காரன் ஒருவன் கதவைத் திறந்தபோது, டிரைவர் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து மேலே போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

உயிர் மிஞ்சியது. விரல்கள் மிஞ்சவில்லை. வலது கையில் கட்டைவிரலைத் தவிர எல்லாவற்றையும் டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். இடது கையில் பாதி. கால்விரல்கள் கறுத்துப் போய், அவையும் ஒவ்வொன்றாகப் போயின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு, "அங்க பட்டனே இல்ல" என்பதுதான்.

மேனேஜர் பழங்களோடு பார்க்க வந்தார். கட்டிலருகே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நின்றவர், வராந்தாவுக்கு வந்ததும் சின்னவளிடம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. பட்டன் கதவுப் பக்கத்துலயே இருக்கு. இதோ போட்டோ. அழுத்தியிருந்தா ஒரு நிமிஷத்துல திறந்திருப்போம். அவருக்கு முன்னாடி கொஞ்சம் பழக்கம் உண்டுன்னு கேள்விப்பட்டேன். உள்ள போய் அசந்து தூங்கிட்டாரோ என்னவோ."

போட்டோவில் சிவப்பு வட்டமாகப் பட்டன் பளபளத்தது. சின்னவள் அன்றிரவே அக்காவிடம் வந்து நின்றாள்.

"அவரு இல்லங்கறாரு. இவங்க இருக்குங்கறாங்க. உங்க கம்பெனி ஸ்கிரீன்தானே. நீ பாத்துச் சொல்லிடு அக்கா. நீ சொன்னா நான் நம்பிடறேன்."

மறுநாள் காலை பெரியவள் எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனாள். திரையில் ஏழாவது அறை பச்சை. அதோடு அவள் விட்டுவிடவில்லை. புரோகிராமில் சனிக்கிழமை இருந்த நிலையைத் திறந்து, அந்த அறையின் பெயரைப் போட்டு, அதனிடம் அலாரம் என்ற ஒன்று இருக்கிறதா என்று தன் கையாலேயே டைப் அடித்துக் கேட்டாள். 'ட்ரூ' என்று பதில் வந்தது. இருக்கிறது. இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில். சனிக்கிழமை யாராவது பட்டனை அழுத்தினார்களா என்று பார்த்தாள். அழுத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து, வார்டின் வாசலில் நின்றபடி தங்கையிடம் சொன்னாள்: "இருக்கு."

கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் கிடந்தவன் காதிலும் அது விழுந்தது. சின்னவள் உள்ளே போய்க் கணவன் முகத்தருகே குனிந்து, "குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுவது போலத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டிரைவர் அவளைப் பார்த்தான். வாசலில் நின்ற பெரியவளைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் பிறகு பட்டனைப் பற்றி அவன் வாயைத் திறக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். கவனக்குறைவு என்னுடையதுதான், கிடங்கின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. டிரைவர் படித்துப் பார்க்கவில்லை. பேனா பிடிக்கக் கையும் இல்லை. கட்டைவிரல் ஒன்று மிச்சமிருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபின் நாட்கள் நகர மறுத்தன. சாப்பிடுவதற்குக் கரண்டியை மணிக்கட்டோடு துணியால் கட்டிவிட வேண்டும். சட்டைக்குப் பட்டன் போட்டுவிட வேண்டும். அந்தச் சொல்லைக்கூட வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் எல்லாம் செய்தாள். ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் சோறு ஊட்டக் குனியும்போது மூக்கை அவன் வாயருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துவாள். துவைக்கப் போடும் சட்டைப் பைகளைத் துழாவுவாள். பாட்டிலைத் திறக்க விரல் இல்லாதவன் எங்கே போய்க் குடிப்பான் என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் துழாவினாள். அவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெரியவளுக்கு அவன்மேல் எரிச்சல்தான் இருந்தது. குடித்ததோடு நில்லாமல் பொய் வேறு. எதிரே வந்தால் ஒதுங்கி நடந்தாள்.

மழைக்காலம் போய் வெயில் தொடங்கியபோது, வேறொரு ஊரிலிருந்து பூவும் பழமும் வைக்கும் கிடங்கு ஒன்று இரண்டு புதிய அறைகளைத் திரையில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டது. அந்த வேலை பெரியவளிடம் வந்தது. காலை நேரம். டீ வந்து மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. முதல் அறையைச் சேர்த்தாள். பெயரை மட்டும்தான் எழுதியிருந்தாள். குளிர் அளவு, கதவு, அலாரத்துக்கு வரும் வயரின் எண் எதையும் இன்னும் எழுதவில்லை. சிவப்பாக வருகிறதா என்று பார்ப்பதற்காகத் திரையைத் திறந்தாள்.

பச்சையாக வந்தது.

எங்கோ தவறான இடத்தில் எழுதிவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். அழித்துவிட்டு மறுபடி செய்தாள். பச்சை. உலகத்திலேயே இல்லாத ஓர் அறையை உண்டாக்கி, அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பெயர் வைத்து, இதனிடம் அலாரம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றது.

பெரியவள் முதலாளி எழுதிய பழைய வரிகளைத் திறந்தாள்.

முதலாளி அந்தக் காலத்தில் ஒரு மாதிரி அறையை எழுதி வைத்திருந்தார். ஓர் அறைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் உண்டு, அலாரமும் உண்டு. புதிதாகச் சேர்க்கும் அறை ஒவ்வொன்றும் அந்த மாதிரியின் பிள்ளையாகப் பிறக்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு பொருளிடம் இன்னது இருக்கிறதா என்று அதை வைத்துக் கேட்டால், முதலில் அந்தப் பொருளிடம் தேடும். அங்கே இல்லையென்றால் அது யாரிடமிருந்து பிறந்ததோ அதனிடம் போய்த் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் போதும், 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். யாரிடம் இருக்கிறது என்று சொல்லாது. அந்தப் பொருளிடம் சொந்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பதற்கு 'ஹேஸ் ஓன்' என்று வேறொரு வழி உண்டு. திரைக்குப் பச்சையும் சிவப்பும் முடிவு செய்கிற வரியில் முதலாளி எழுதியிருந்தது 'இன்'. அன்றைக்குக் காலையில் பெரியவள் தன் கையால் டைப் அடித்துக் கேட்டதும் 'இன்' தான். அந்த வரியைப் பார்த்து அப்படியே அடித்திருந்தாள்.

மீன் கிடங்கின் அறைகள் எந்தெந்த நாளில் எப்படி இருந்தன என்பதற்குப் பழைய நகல்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. விபத்து நடந்த சனிக்கிழமையின் நகலைத் திறந்து, ஏழு அறைகளையும் 'ஹேஸ் ஓன்' போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறு அறைகளுக்கு 'ட்ரூ'. ஏழாவதுக்கு 'ஃபால்ஸ்', இல்லை. ஞாயிற்றுக்கிழமை நகலில்தான் ஏழாவதுக்கு முதன்முதலாக ஒரு வயர் எண், கிடங்கிலிருந்தே, ஏறியிருந்தது. மேனேஜர் பழம் வாங்கப் போகும் முன்னாலேயே பட்டன் வைக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனாள்.

முதலாளி நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். உட்கார்ந்து, அவள் கண்ணெதிரிலேயே அந்த வரியைத் திருத்தி, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

"மாத்திட்டேன். இனிமே யாருக்கும் இப்படி ஆகாது. அது போதும்மா. இத இதோட விட்டுடுங்க."

"டிரைவருக்கு ஆயிடுச்சே சார்."

"புரியுது. ஆனா வெளிய தெரிஞ்சா நாம அஞ்சு பேரும் தெருவுலதான். எல்லாரும் குடும்பம் குட்டியோட இருக்கோம்." மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "நீங்களும்தானே பாத்தீங்க. பாத்துட்டு இருக்குன்னுதானே சொன்னீங்க."

பெரியவள் தன் மேசைக்குத் திரும்பினாள். நகல்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வேலை நேரத்தில் சொல்லிக்கொள்ளாமல் அவள் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் சின்னவள் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். டிரைவர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். கொடியில் அவன் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பட்டன் இல்ல" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அதத்தான் நான் சொன்னேன்."

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இல்லாதத இருக்குன்னு சொல்ற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. நானும் அதையே கேட்டுட்டு வந்து சொல்லிட்டேன்."

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. உங்க வேலையே அந்த ஸ்கிரீன பாக்குறதுதான். அது சொன்னத நீங்க சொன்னீங்க." காலடியில் ஊர்ந்த எறும்புகளைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அவ என் பொண்டாட்டி. நான் சொல்லும்போது அவ ஏன் ஸ்கிரீனக் கேட்டா?"

மறுவாரம் தொழிலாளர் ஆபீஸில், ஒரு பழைய மேசைக்கு முன்னால், பெரியவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அதிகாரி வயசானவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இல்லாத ஒண்ண எப்படிம்மா கம்ப்யூட்டர் இருக்குன்னு சொல்லும்?"

"ஒருத்தர்கிட்ட சொந்த வீடு இருக்கான்னு கேக்குறோம் சார். அவருக்கு இல்ல, அவங்க அப்பாவுக்கு இருக்கு. உடனே 'இருக்கு'ன்னு சொல்லிடற மாதிரி."

"அதுல என்ன தப்பு? அப்பா வீட்டுல மகன் இருக்கலாமே."

"இருக்கலாம் சார். ஆனா இந்த அப்பா வெறும் எழுத்துல மட்டும் இருக்குற அப்பா. குளிருதுன்னா போய் ஒண்டிக்க முடியாது."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். அதற்குமேல் குறுக்குக்கேள்வி கேட்கவில்லை. சனிக்கிழமை நகலையும் ஞாயிற்றுக்கிழமை நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவன் முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

கட்டைவிரல் வைத்த காகிதம் செல்லாது என்றார்கள். மேனேஜரை வேலையிலிருந்து தூக்கினார்கள். டிரைவருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொகை வரும்படி ஏற்பாடாயிற்று. டயர் கடை மாடியிலிருந்த கம்பெனியைவிட்டு ஒவ்வொரு வாடிக்கையாளராக விலகிப்போனார்கள். கடைசியில் முதலாளி நாற்காலி, மேசைகளைக்கூட விற்றுவிட்டு, ஊரைவிட்டே போய்விட்டார். கிளம்பும் முன் பெரியவளுக்கு வரவேண்டிய சம்பளத்தைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தார். முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை. கூட வேலை செய்த மூன்று பேரும் அவளை வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். வேறு கம்பெனிகளில் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. வெகுகாலம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது.

தீர்ப்பு வந்த அன்று சின்னவள் கணவன் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்" என்றாள். அவன் விரலில்லாத கையை அவள் தலைமேல் வைத்திருந்தான். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் அவன் அண்ணன் வந்தார். பையில் நான்கு சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அண்ணனோடு பஸ் ஏறினான். மாதங்கள் போயின. வரவில்லை. பணத்தில் பாதி மட்டும் தவறாமல் சின்னவளுக்கு வந்தது.

கடைசியில் அவளே அண்ணன் வீட்டுக்குப் போனாள். பெரியவள் பஸ் ஸ்டாண்டுவரை கூடப்போய் ஏற்றிவிட்டாள். போன அன்றே சின்னவள் திரும்பிவிட்டாள். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், விளக்கைப் போடாமல் தரையில் உட்கார்ந்தாள். பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. கரண்டி அவரே கட்டிக்கிறாரு, பல்லால. அண்ணி பாத்துக்கறாங்க."

"என்ன சொன்னாரு?"

சின்னவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"வாசல்ல என்னைப் பாத்ததும் எழுந்து நின்னாரு. 'வாங்க'ன்னாரு. நாற்காலிய கையால தள்ளிப் போட்டு, 'உக்காருங்க, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாரு." அவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "கிளம்பறவரைக்கும் அப்படியேதான் பேசினாரு அக்கா. வாங்க, போங்கன்னு."

பெரியவள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு இருவரும் எழுந்து, இருக்கிற அரிசியைக் களைந்து உலை வைத்தார்கள்.